ஆறாவது சிலிண்டர்

நடீன் துக்கத்துக்கு வந்தவர்கள் கொண்டுவந்த ஐந்தாவது உருளைக்கிழங்கு சாலட் கிண்ணத்தை வைக்க மேசையில் இடம் தேடிக்கொண்டிருந்தபோது, அவள் கொழுந்தன் டாயில் நாற்காலியின் மேல் ஏறி நின்றான். கல்லறைத் தோட்டத்திலிருந்து நேராக வந்தவர்கள் கூடத்தில் தட்டும் கையுமாக இருந்தார்கள். அவள் கணவன் ஆர்வலை அடக்கம் செய்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

“நாளைக்கு வண்டி ஓடும்,” என்றான் டாயில். “போன ஞாயித்துக்கிழமை அண்ணன் எப்படி வச்சிட்டுப் போனாரோ அப்படியே. ஒரு திருகாணியக்கூடத் தொட மாட்டோம். அவரு கை வச்ச எஞ்சின், கடைசியா ஒரு தடவ.”

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பன்னிரண்டு வருடமாகக் கார்ப் பந்தயத்தில் அவர்களோடு போட்டி போடும் லாங் பீச் ஊர்க்காரன் எம்மெட் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“அன்னைக்கு நாலு வண்டி நீளம் எங்களப் பின்னால விட்டான், படுபாவி.”

“நாலா? ஆறு. எண்ணத் தெரியாதா உனக்கு?” என்றான் டாயில்.

“உங்க புகையில கண்ணத் தொறந்தாத்தானேடா எண்ணுறதுக்கு!” சிரிப்பு அடங்கியதும் எம்மெட் சொன்னான்: “இந்தப் பக்கத்துலயே அவ்வளவு வேகத்த யாரும் பாத்ததில்ல. எஞ்சின்ல தப்பே பண்ணத் தெரியாத மனுஷன்.”

நடீன் மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும், ஒரு வாய் தண்ணீர் குடிக்குமுன், ஆர்வல் எட்டு ஸ்பார்க் பிளக்கையும் வரிசையாகக் கழற்றிப் பார்ப்பான். எந்தச் சிலிண்டருக்குள் என்ன நடந்தது என்பதை அந்த வெள்ளைப் பீங்கான் முனையின் நிறமே அவனுக்குச் சொல்லிவிடும். பத்து வருடமாகத் துணியோடு பக்கத்தில் நின்று அவளும் அதைப் படிக்கக் கற்றிருந்தாள். போன ஞாயிறு மட்டும் அவன் இடது கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, “நாளைக்குப் பாத்துக்கலாம்” என்றான். திங்களும் செவ்வாயும் படுக்கையில் கிடந்தான். புதன்கிழமை காலை, காபியோடு நாற்காலியிலிருந்து சரிந்தான். அந்த எட்டையும் இதுவரை யாரும் பார்க்கவில்லை.

அவள் பின்வாசல் வழியாகக் கார் கொட்டகைக்குப் போனாள்.

வண்டி அங்கே ஒல்லியாக, நீளமாகக் கிடந்தது. முன்னால் சைக்கிள் சக்கரம் மாதிரி இரண்டு. நடுவில் மலை மாதிரி எஞ்சின். அதற்கும் பின்னால், பெரிய பின்சக்கரங்களையும் தாண்டி, கவணில் வைத்த கல்லைப் போல, வண்டியை ஓட்டும் டாயிலின் இருக்கை. அது சீறிக் கிளம்பும்போது அதைவிட அழகான ஒன்றை அவள் பார்த்ததில்லை. ஆனால் எஞ்சினில் எது உடைந்தாலும் அது ஓட்டுகிறவன் முகத்துக்குத்தான் வரும்.

கறுப்புக் கவுனோடு ஸ்பானரை எடுத்தாள். ஐந்து பிளக்குகள் ஒரே சாயல். ஆறாவதன் பீங்கானில் மிளகைப் பொடித்துத் தூவினாற்போல வெள்ளிப் புள்ளிகள் இருந்தன. பிஸ்டனின் அலுமினியம் உருகித் தெறித்திருந்தது. அந்தச் சிலிண்டருக்கு எரிபொருள் தெளிக்கும் நாசிலைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். துவாரம் மற்றவற்றைவிடச் சின்னது. எல்லோரும் வாய் ஓயாமல் பேசிய அந்த வேகத்தில் இதற்கும் பங்குண்டு. எரிபொருள் குறைந்தால் நெருப்புக்குச் சூடு ஏறும், ஒரே ஓட்டத்துக்கு.

“அண்ணி!” வாசலில் டாயில். “தொட மாட்டோம்னு இப்பத்தானே எல்லார் முன்னாலயும் சொன்னேன்?”

அவள் பிளக்கை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

“இந்த நாசிலோட இன்னொரு ஓட்டம் தாங்காது, டாயில். பாதி தூரத்துல பிஸ்டன் ஓட்டையாயிடும். கொதிக்கிற எண்ணெய் உன் மூஞ்சியிலதான் அடிக்கும்.”

“அண்ணன் இப்படிப் பண்ண மாட்டாரு.”

“பண்ணியிருக்காரு. அன்னைக்கே கை மரத்துப் போயிருக்கு, சின்ன நாசில மாத்தி மாட்டிட்டாரு. எங்கிட்டகூடச் சொல்லல.” அவள் துணியை இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள். “உள்ள போய்ச் சொல்லவா? இன்னைக்கே சொல்லணுமா?”

அதற்குள் எம்மெட் காபிக் கோப்பையோடு வந்து நின்றான். “நடீன், நீ ஒண்ணுமே சாப்பிடலன்னு…” என்று தொடங்கியவன், டாயில் கையைப் பார்த்து நிறுத்தினான். பிளக்கை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பினான். ஆர்வலின் எஞ்சினில் ஒரு குறை கண்டுபிடிக்கப் பன்னிரண்டு வருடம் தலைகீழாய் நின்றவன் அவன்.

எம்மெட் பிளக்கை அவளிடமே திருப்பிக் கொடுத்தான்.

“காபிய இங்க வைக்கிறேன். ஆறிடப் போகுது,” என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் கதவை இழுத்துச் சாத்தினான். வண்டியைப் பார்க்க நாலைந்து பேர் வரும் காலடி கேட்டது.

“இப்ப உள்ள போகாதீங்கப்பா,” என்றது எம்மெட்டின் குரல். “குடும்பத்து ஆளுங்க கொஞ்ச நேரம் தனியா இருக்கட்டும்.”

டாயில் கோட்டைக் கழற்றி வண்டியின் முன்சக்கரத்தில் மாட்டினான். நாசில் டப்பாவைத் திறந்து அவள் முன் நீட்டினான்.

“எது போடணும், அண்ணி?”

அவள் எடுத்துக் கொடுத்தாள். பிறகு ஏழாவது பிளக்கின் மேல் ஸ்பானரை வைத்தாள். கதவின் அடியில் தெரிந்த இரண்டு ஷூக்களின் நிழல் அங்கேயே நின்றது.