மாமியார் டப்பா

டிரம்பெட்டில் விரலை எடுத்ததும் பட்டனை மேலே தள்ளுவது உள்ளே இருக்கும் ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்குகளை உறவுமுறை வைத்துப் பிரிக்கும் ஆள் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவருக்கு அன்று காலையிலிருந்தே தலைவலி. ஐந்து மணிக்குப் போட்டி. நாலு மணிக்கு பேண்டு மாஸ்டர் வருகிறார். "இந்தத் தடவையும் பட்டன் மெதுவா வந்துச்சுன்னா, எங்க வாத்தியம் மொத்தமும் எதிர்க் கடைக்குப் போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ரிப்பேர்காரர் அசரவில்லை. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம் என்று முணுமுணுத்தபடி டப்பாக்களைத் திறந்தார். விறைப்பானவை 'மாமியார்' டப்பாவில். தொட்டாலே படுத்துக்கொள்பவை 'மச்சான்' டப்பாவில். சரியாக இருப்பவை 'நான்' டப்பாவில். இதில் ரகசியம் எதுவுமில்லை. மாமியாரே வந்து பார்த்து, தன் டப்பா நிரம்பி வழிவதில் பெருமைப்பட்டுப் போயிருக்கிறார். மச்சானுக்குத்தான் மனத்தாங்கல், அவன் டப்பாவின் மூடி துருப்பிடித்திருக்கிறதாம்.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி அன்றைக்கென்று ஒவ்வொரு டப்பாவாகப் புரட்டிப் பார்த்தாள்.

"என் டப்பா எங்க?"

"உனக்கு எதுக்கு டப்பா?"

"எங்கம்மா இருக்காங்க, என் தம்பி இருக்கான். கோணின ஸ்பிரிங்குக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பேர்ல ஒரு டப்பாகூட இருக்கு. நான் மட்டும் இல்ல."

அவள் குரல் உடைந்துவிட்டது. அவருக்குப் பதறியது. சட்டைப்பையிலிருந்து ஒற்றை ஸ்பிரிங்கை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"நீ இதுதான். கல்யாணம் ஆன நாள்லருந்து பையிலயே இருக்க. எது வந்தாலும் உன்னோட முட்ட வெச்சு அமுக்கித்தான் பாப்பேன். நீ அமுங்கினா அது மாமியார். அது அமுங்கினா மச்சான். ரெண்டும் சமமா அமுங்கினா நான்."

அவள் முகம் மலர்ந்தது. பிறகு கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப பதினேழு வருஷமா, வர்றவங்க போறவங்க எல்லாரோடயும் சேத்து என்னை அமுக்கியிருக்கீங்க."

"அளவு பாக்கறதுன்னா அப்படித்தான்."

"நான் தளந்து போயிருக்க மாட்டேனா?"

திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றார். பிரிக்காத பொட்டலம் ஒன்றைக் கிழித்து, புத்தம்புது ஸ்பிரிங்கை அவளுடையதோடு முனைக்கு முனை வைத்து அழுத்தினார். அவளுடையது அப்படியே படுத்துவிட்டது. புதியது அசையவே இல்லை. அதே புதியதை மாமியாரோடு வைத்து அழுத்தினார். இரண்டும் சமமாக இறங்கின.

ஆக, மாமியார் விறைப்பே கிடையாது. 'நான்' டப்பாவில் இருந்த அத்தனையும் தளர்ந்த சரக்கு. அதைத்தான் ஊரிலுள்ள டிரம்பெட்டுக்கெல்லாம் மாட்டிவிட்டு, வாசிக்கிறவர்களின் விரலைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

நாலு மணிக்கு பேண்டு மாஸ்டர் வந்து, மாற்றி மாட்டியிருந்த ஸ்பிரிங்குகளோடு வாசித்துப் பார்த்தார். மூன்று பட்டன்களும் விரலோடு எழும்பின.

"இப்பதான் சரியா இருக்கு. என்ன போட்டீங்க?"

"மாமியார்."

"போன தடவ?"

"அது நான்."

மாஸ்டர் ஒன்றும் புரியாமல் போட்டிக்குக் கிளம்பினார். மனைவி அந்தப் பழைய ஸ்பிரிங்கைத் தன் பர்ஸில் போட்டுக்கொண்டாள்.

"நாளையிலருந்து எங்கம்மாவ பையில வெச்சுக்கோங்க. இது கொஞ்சம் சும்மா இருக்கட்டும்."

அவருக்கு வெட்கமாகவும் வேதனையாகவும் இருந்தது. பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக, சாப்பிட்ட பாத்திரத்தை அவரே கழுவினார்.