வடக்குக் கொட்டகை

உச்சிவெயில் ஏறினால் என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வடக்குக் கொட்டகைக்குப் போய்விடுவார். அங்கே ஒரு கோழிகூட இல்லை. போன மாதம் ஒரே மத்தியானத்தில் அத்தனையும் செத்துப்போயின. காலிக் கூண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, வாயைத் திறந்து, அவற்றைப் போலவே இரைக்க இரைக்க மூச்சு வாங்குவார். முதல் நாள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துத் தொலைத்தேன். இப்போது அந்தச் சத்தம் கேட்டாலே அடுக்களைக் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

அவர் கெட்டது நினைத்துச் செய்யவில்லை. அன்று அனல்காற்று அடிக்கிறதே என்று கொட்டகையின் பக்கவாட்டுப் படுதாக்களை இறக்கிவிட்டார். கரண்ட் போய் விசிறிகள் நின்றன. தொட்டித் தண்ணீராவது குளிர்ச்சி தரட்டும் என்று தெளிப்புக் குழாயைத் திறந்தார்.

"கோழிக்கு வேர்க்காதுங்க. மூச்சு வாங்கித்தான் சூட்ட வெளிய தள்ளும். காத்தில்லாத எடத்துல ஈரத்தையும் ஏத்திட்டீங்களே," என்றார் கால்நடை டாக்டர்.

ஆவி பிடிக்கிற போர்வைக்குள் பூட்டி வைத்தது போல ஆகிவிட்டது. எங்கள் இன்னொரு கொட்டகையான தெற்குக் கொட்டகைக்குத் தண்ணீர் வருவதற்குள் தொட்டி காலி. அதனால்தான் இங்கே உயிர் மிஞ்சியது.

மிஞ்சியவையும் இன்று தவித்தன. இறக்கையை அகட்டிக்கொண்டு, தீவனத்தைத் தொடாமல் நின்றன. காலையில் எடுத்த முட்டைகள் ஓடே இல்லாமல் வெறும் தோலோடு கையில் நெளிந்தன. உடனே தண்ணீரைத் திறக்கச் சொல்லி டாக்டர் போனில் கத்தினார். இவரோ குழாயின் பிடியைப் பற்றிக்கொண்டு விடவில்லை.

"விடுங்க, தெறக்கணும்."

"வேணாம். அன்னிக்கும் நல்லதுன்னுதான் தெறந்தேன்."

"அன்னிக்குக் காத்து இல்ல. இப்ப விசிறி ஓடுது, படுதாவும் மேலதான் இருக்கு."

"அதுங்க என்னையே பாக்குது."

"பாக்காம? நீங்கதானே தீனி போடுறீங்க."

அவர் சிரிக்கவில்லை. எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நானே திறந்தேன். மெல்லிய தூறல் காற்றோடு பரவியது. கொஞ்சம் கொஞ்சமாக அலகுகள் மூடின. ஏதோ ஒன்று தீவனத்தைக் கொத்தியது. அவரும் பெருமூச்சு விட்டார். பிழைத்துவிட்டோம் என்று நினைத்துக் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்தேன்.

அவர் நகரவில்லை. வடக்குக் கொட்டகையைக் காட்டினார்.

"அங்கயும் தெறந்து விடு."

"அங்க என்னங்க இருக்கு?"

"அதுங்களுக்கும் இப்படித்தானே எரியும்."

போய், அந்தக் குழாயில் கை வைத்தேன்.

"மொதல்ல விசிறியப் போடு," என்றார்.