தேய்க்காத கார்டு

ஊர் சுற்றக் கம்பெனியே பணம் தரும் என்று கிளோதின் மேடம் அறிவித்தபோது, புதுச்சேரி உப்பளத்து ஆபீஸின் இரண்டாம் மாடியில் ஒருவரும் கைதட்டவில்லை. சம்பளத்தை ஏற்றச் சொன்னால் வருடக்கணக்கில் யோசிக்கிற கம்பெனி, கேட்காமலே கொடுத்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

எங்கள் வேலை, பிரான்சில் இருக்கிற ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் காகிதங்களைப் பார்ப்பது. அங்கே யார் வீட்டிலாவது குழாய் வெடித்துச் சுவர் ஊறினால், அதன் படமும் பில்லும் இங்கே என் திரைக்கு வரும். பில் இருந்தால் குழாய் வெடித்தது. பில் இல்லையென்றால் வெடிக்கவில்லை. சேர்ந்த நாளிலிருந்து எனக்குச் சொல்லிக்கொடுத்த வேதம் இது ஒன்றுதான்.

கிளோதின் மேடம் ஊழியர் நலனைக் கவனிப்பவர். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். பாரிஸில் படித்துவிட்டு, ஏனோ இங்கேயே திரும்பி வந்தவர். நல்ல மனுஷி. அவர் விளக்க விளக்க எங்களுக்குக் குழப்பம்தான் கூடியது.

"மேடம், கோவாவுக்கு ஃப்ளைட்டுல போலாமா?" என்று பக்கத்து சீட்டு அருள்பிரகாஷ் கேட்டான்.

"ஃப்ளைட் கூடாது அருள். பூமிக்குக் கேடு. ட்ரெயின், பஸ், சைக்கிள், நடை, இவ்ளோதான்."

"ட்ரெயின்ல போயி ரிசார்ட்ல தங்கிக்கிட்டா?"

"ரிசார்ட்டும் கூடாது. அந்த ஊர் ஜனங்களோட இருக்கணும். பயணத்துக்கு ஒரு அர்த்தம் இருக்கணும். திரும்பி வரும்போது உங்க மனசுல ஏதாவது மாறியிருக்கணும். வுவாலா, அவ்ளோதான்!"

"மாறலன்னா காசைத் திருப்பிக் கேப்பீங்களா மேடம்?"

எல்லாரும் சிரித்தோம். மேடமும் சிரித்தார். ஆனால் அவர் கடைசியாகச் சொன்னது என் காதில் ஒட்டிக்கொண்டது. இந்தப் பயணத்துக்கான லீவு தனி லீவு. வேலை எவ்வளவு குவிந்திருந்தாலும் மறுக்க முடியாது.

அந்த லீவுக்காக என் வீட்டில் மூன்று வருடமாக ஒரு போர் நடந்துகொண்டிருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் என் மகள் மரீனுக்கு டெங்கு வந்தது. ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போக, டாக்டர்கள் எங்கள் முகத்தைப் பார்க்காமல் பேச ஆரம்பித்த நேரம். அப்போது என் மனைவி ஜோவிதா, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு ஆரோக்கிய மாதாவிடம் வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தால் புதுச்சேரியிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாக. யார் நடப்பது? நான்! "எம் புருசனை நடக்க வெக்கறேன் தாயே" என்று என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அங்கே எழுதிக் கொடுத்துவிட்டாள். ஏன் நீயே நடப்பதாக வேண்டிக்கொள்ளவில்லை என்று ஒருமுறை கேட்டேன். "நான் நடந்துடுவேன். அது பெரிய விசயமா? நீங்க நடந்தாத்தான் மாதாவுக்கே ஆச்சரியமா இருக்கும்" என்றாள்.

மரீன் பிழைத்துவிட்டாள். நான் நடக்கவில்லை. வேளாங்கண்ணித் திருவிழா செப்டம்பர் தொடக்கத்தில். ஆகஸ்டில் பிரான்ஸ் முழுக்க விடுமுறைக்குப் போய்விட்டுச் செப்டம்பரில்தான் திரும்பி வந்து, வெடித்த குழாய்களைக் கண்டுபிடிக்கும். அந்த மாதத்தில் லீவு கேட்டால் எங்கள் மேனேஜர் அழுதுவிடுவார்.

கடன் நிற்கிறது என்ற பயம் ஜோவிதாவை விடவில்லை. மரீன் ஒரு தும்மல் போட்டால் போதும், கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு ஓடி வந்து நெற்றியில் புறங்கையை வைப்பாள். பிறகு என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்குத் திட்டே தேவலை. நான் கோயிலுக்கு அவளுக்காகப் போகிறவன். எனக்கு நம்பிக்கை உண்டா இல்லையா என்று எனக்கே நிச்சயமில்லை. ஆனால் அந்தப் பார்வையை இன்னொரு வருடம் என்னால் தாங்க முடியாது என்பது மட்டும் நிச்சயம்.

மறுநாளே கிளோதின் மேடத்தின் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"நடந்தா? வேளாங்கண்ணி வரைக்குமா? ஒரு சொட்டு பெட்ரோல் கிடையாது! தனிஸ்லாஸ், இந்தத் திட்டத்தையே உங்களுக்காகத்தான் போட்டாங்களோ!"

லீவு கிடைத்தது. கூடவே பச்சை நிறத்தில் ஒரு கார்டு. பணம் அதில் இருக்கும், வழியில் தேய்த்துக்கொள்ளலாம், மீதி தானாகத் திரும்பிப் போய்விடும். இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஜோவிதா சந்தோஷப்பட்டாள். இனிப்பு தீர்கிற வரைக்கும்.

"நில்லுங்க. லீவுக்குச் சம்பளம் உண்டா?"

"உண்டு."

"வழிச் செலவும் அவங்களே குடுக்கறாங்களா?"

"ஆமா. அதான இந்தக் கார்டு."

"அப்ப இது யாரோட நேர்த்திக்கடன்?"

ஜோவிதா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "எங்க கைக்காசைப் போட்டுச் செய்றோம்னுதான மாதாகிட்ட சொன்னேன். கம்பெனி காசுல கம்பெனி லீவுல போனா, கம்பெனி நடந்த மாதிரி ஆயிடாதா? எம் பொண்ணுக்கு என்னாங்க மிச்சம்?"

பங்குச் சாமியாரிடம் அழைத்துப் போனேன். மாதா வரவு செலவு பார்ப்பதில்லை என்று அவர் அன்பாகச் சொன்னார். வெளியே வந்ததும், "அவருக்கு என்னா தெரியும், அவரா நேர்ந்துக்கிட்டாரு?" என்றாள்.

லீவை மட்டும் வைத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று மேடத்திடம் கேட்டேன். முடியாதாம். பணமும் லீவும் சிஸ்டத்தில் ஒரே முடிச்சு. ஒன்றை அவிழ்த்தால் இன்னொன்றும் போய்விடும். "இலவசமாக் குடுக்கறதை ஏன் வேணாங்கறீங்க?" என்று அவர் குழம்பினார். நான் விளக்க ஆரம்பித்து நானும் குழம்பி, பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன்.

கடைசியில் ஜோவிதாதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். கார்டை எடுத்துப் போகலாம், ஆனால் தேய்க்கக் கூடாது. சம்பள விஷயத்துக்கு அவளுக்கும் வழி தெரியவில்லை. "அதை மாதா பாத்துக்கட்டும்" என்று அரை மனதாகச் சொல்லிக் காவி வேட்டியை மடித்து வைத்தாள்.

எங்கள் தெருவிலிருந்து ஒரு கூட்டம் சின்னத் தேர் இழுத்துக்கொண்டு வருடா வருடம் போகும். அதோடு சேர்ந்துகொண்டேன். கடலூர் தாண்டும்போதே என் குதிகால் கொப்பளித்துவிட்டது. என் பக்கத்தில் நடந்தவர் வடிவேல், தேங்காய்த்திட்டு துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றும் லோடு ஆட்டோக்காரர். இந்துதான், ஆனால் ஒரு வருடம் தவறமாட்டார். அவரிடம் என் குழப்பத்தைச் சொன்னேன்.

"வம்புடா இது. போன வருசம் எங்க ஓனரு செருப்பு வாங்கிக் குடுத்தாரு. அதைப் போட்டு நடந்தேன். அப்ப அந்தப் புண்ணியம்?" என்று தன் காலைப் பார்த்தார். அவர் பங்குக்கு அவரும் குழம்பிப்போனார்.

கார்டைத் தேய்க்கக் கூடாது என்று நான் சத்தியம் செய்திருக்கவே வேண்டாம். தேய்க்க இடமே இல்லை. சாலை நெடுக மோர், சாம்பார் சாதம், கால் கழுவ வெந்நீர். ராத்தங்கல் பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ. சீர்காழிப் பக்கம் ஒரு அம்மா இட்லி கொடுத்தார். வெட்கமாக இருந்ததால் சட்டைப்பையிலிருந்து என் சொந்தப் பணத்தை எடுத்து நீட்டினேன். "நடந்து போறவங்ககிட்ட காசு வாங்குனா நான் நல்லா இருப்பனா?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். உள்ளூர் ஜனங்களுக்குப் பணம் போய்ச் சேரவேண்டும் என்று கிளோதின் மேடம் சொல்லியிருந்தார். அந்த ஜனங்களிடம் யாராவது சொல்லியிருக்கலாம்.

காரைக்காலில்தான் சோதனை வந்தது. சாயங்காலம் மழை கொட்டியது. நாங்கள் ஒதுங்கிய பள்ளிக்கூட வராந்தாவில் தண்ணீர் ஏறிவிட்டது. எதிரே ஒரு லாட்ஜ். கொப்பளம் உடைந்த காலை இழுத்துக்கொண்டு சாலையைத் தாண்டி, கவுண்டரில் போய் நின்றுவிட்டேன்.

"சிங்கிளா, டபுளா சார்?" என்றார் அங்கே இருந்தவர். சட்டைப்பையில் இருந்த சொந்தப் பணம் வாடகைக்குப் போதாது. கார்டு என் கையில் இருந்தது. தேய்க்கும் மெஷின் அவர் கையில் இருந்தது. ஜோவிதாவுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. மாதாவுக்குத் தெரியுமா? அதுதான் எனக்குத் தெரியாது. ஜோவிதாவின் புறங்கை ஞாபகம் வந்தது. மரீனின் நெற்றியில் அது பதறிப்போய் உட்காருகிற விதம் ஞாபகம் வந்தது. "தப்பா வந்துட்டேங்க" என்று சொல்லிவிட்டு மழையிலேயே திரும்பி வந்தேன். வடிவேல் நகர்ந்து இடம் கொடுத்தார்.

வேளாங்கண்ணி மணலில் முட்டி போட்டபோது அழுதேன். ஏன் என்று தெரியவில்லை. கால் வலியாகவும் இருக்கலாம்.

மாதக் கடைசியில் சம்பளம் வந்தது. நடந்த நாட்களுக்கெல்லாம் பிடித்தம் போட்டிருந்தார்கள். ஓடினேன் மேடத்திடம். அவர் கணினியை என் பக்கம் திருப்பினார். கார்டு எங்கேயும் தேய்க்கப்படவில்லை, பில் ஒன்றுகூட இல்லை, ஆகவே பயணம் நடைபெறவில்லை என்று பிரான்சில் இருக்கிற தலைமை ஆபீஸில் முடிவு செய்துவிட்டார்கள். வராத நாளாகக் கணக்கு.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. என் குதிகாலைப் படம் எடுத்து அனுப்பட்டுமா என்று கத்தினேன். கத்தும்போதே, எத்தனை பிரெஞ்சுக்காரர்களின் ஊறிய சுவர்களை நான் இதே மாதிரி ஊறவே இல்லை என்று தள்ளியிருக்கிறேன் என்பதும் ஞாபகம் வந்து தொலைத்தது. "நான் விடமாட்டேன் தனிஸ்லாஸ். சண்டை போடறேன்" என்றார் மேடம்.

வீட்டில் எப்படிச் சொல்வது? வண்டிக்கு டயர் மாற்றவேண்டும், மரீனுக்குப் பள்ளிப் பணம் கட்டவேண்டும். தயங்கித் தயங்கிச் சொன்னேன். ஜோவிதா சம்பளச் சீட்டு இருந்த போனை வாங்கி, பிடித்தம் போட்டிருந்த இடத்தையே உற்றுப் பார்த்தாள்.

"அப்ப நடந்த நாளுக்கு அவங்க சம்பளமே குடுக்கல?"

"குடுக்கல."

"கார்டும் தேய்க்கல."

"தேய்க்கல."

"அப்ப நம்ம காசுதாங்க!" என்றாள். முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு சிரித்தாள். கல்யாணமான புதிதில்தான் அவள் அப்படிச் சிரித்துப் பார்த்திருக்கிறேன். சம்பளம் போனதற்குக் கொண்டாடிய வீடு புதுச்சேரியிலேயே எங்கள் வீடாகத்தான் இருக்கும்.

அடுத்த மாதம் கிளோதின் மேடம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். முகமெல்லாம் வெற்றி. "ஜெயிச்சிட்டோம்! கூட நடந்தவங்க எடுத்த போட்டோ எல்லாம் அனுப்பி, எல்லா மேலதிகாரிக்கும் எழுதி, ஒருவழியா ஒத்துக்கிட்டாங்க. பிடிச்ச சம்பளம் மொத்தமும் திரும்ப வருது. நான் இதை அமுக்கினாப் போதும்."

அவர் விரல் மவுஸ் மேல் இருந்தது. டயர் ஞாபகம் வந்தது. பள்ளிப் பணம் ஞாபகம் வந்தது.

"அமுக்காதீங்க மேடம்."

"என்னா சொல்றீங்க?"

"வேணாம் மேடம். பிடிச்சது பிடிச்சதாவே இருக்கட்டும்."

"தனிஸ்லாஸ், இத்தனை நாளா உங்களுக்காக நான் சண்டை போட்டிருக்கேன்!" அவர் குரல் உடைந்தது. நியாயம்தான். எனக்காக இந்த ஆபீஸில் வேறு யார் சண்டை போட்டார்கள்? ஆஸ்பத்திரி வராந்தாவையும் ஜோவிதாவின் வார்த்தையையும் எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். சொல்லி முடித்தபோது அவர் மவுஸிலிருந்து கையை எடுத்திருந்தார்.

"இது சரியா தப்பான்னு எனக்கே புரியல" என்றார்.

"எனக்கும் புரியல மேடம். மன்னிச்சிக்கோங்க. மெர்சி, ரொம்ப நன்றி."

வீட்டுக்குப் போனதும் ஜோவிதாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அடுப்படியில் சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாமா, வேண்டாமா என்று நான் கதவருகே நின்றிருந்தேன். கூடத்தில் பாடம் எழுதிக்கொண்டிருந்த மரீன் பலமாக ஒரு தும்மல் போட்டாள். அடுத்து இன்னொன்று.

ஜோவிதாவின் கையைப் பார்த்தேன். அது மீனை விட்டு நகரவில்லை.

"மூக்கைத் தொடச்சிக்கடி" என்றாள், திரும்பாமலே.