மடிப்பின் மேல் கிளிகள்

பெண்பிள்ளைக்குப் பட்டுப் பாவாடை தைத்தால் கொஞ்சம் துணியை உள்ளே மடித்துத் தைப்போம் இல்லையா கண்ணுகளா, வளர வளரப் பிரித்துவிட? சிங்கப்பூரில் ஆங் மோ கியோ பக்கம் இருந்த பூவம்மாவும் மகள் ரக்ஷனாவுக்கு அப்படித்தான் மடித்துத் தைத்தாள். ஆனால் அந்த நல்ல தறிப்பட்டில் தையல் கோடு அவள் கண்ணை உறுத்தியது. கோட்டை மறைக்க அதன் மேலேயே பச்சை நூலால் சுற்றிலும் கிளிகள் போட்டாள். ஊசி உள்துணியையும் சேர்த்துக் குத்திக்கொண்டு போனது. அழகைப் பார்த்தவளுக்கு, இனி மடிப்பை எப்படிப் பிரிப்பது என்று தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு பூவம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பியது. வலக்கை திரும்பவில்லை.

மாமன் கல்யாணத்துக்கு முதல் நாள் ரக்ஷனா பாவாடையைக் கட்டிப் பார்த்தாள். கணுக்காலுக்கு மேலே நின்றது.

"தண்ணியில இறங்கப் போறவ மாதிரி இருக்கே லா" என்று அவள் அப்பா ராஜீவ் சிரித்தான். மனைவி சிரிக்காததைக் கண்டதும், சிராங்கூன் ரோட்டில் வேறு வாங்கிவிடலாம் என்றான். ரக்ஷனா கேட்கவில்லை. குட்டையானாலும் அம்மா போட்ட கிளிகள்தான் வேண்டும். பூவம்மாவுக்கோ, தாய்க்குக் கை விழுந்ததும் பிள்ளை கோலத்தைப் பார் என்று சபையில் யாரும் சொல்லிவிடக் கூடாது. கீழே வேறு துணியை ஒட்டுப்போட்டுக்கொண்டு மணவறைப் பக்கம் போகவும் கூடாது.

எதிர்வீட்டில் தையல் வேலை செய்யும் ரபியாவைக் கூப்பிட்டார்கள். அவள் பாவாடையைப் புரட்டி உள்பக்கத் தையலைப் பார்த்தாள்.

"பூவு, மடிப்பப் பிரிச்சா கிளிய முழுசா அறுக்கணும். இல்லைன்னா தலை ஒரு பக்கம், வாலு ஒரு பக்கம் நிக்கும். திரும்பப் போட என் கைக்கு வராதும்மா."

"அறுங்கக்கா."

"வேணாம்மா, ப்ளீஸ்" என்றாள் ரக்ஷனா.

"நாளைக்கு எல்லாரும் உன் கணுக்காலத்தான் பார்ப்பாங்கடி. அறுங்கக்கா."

ரக்ஷனா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரபியா சின்னக் கத்தரியால் நூல் நூலாக அறுத்தாள். துணியை யாராவது இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. பூவம்மா இடக்கையால் பிடித்தாள்; பட்டு நழுவிக்கொண்டே இருந்தது. கடைசியில் ராஜீவ் வந்து வாங்கிக்கொண்டான்.

மடிப்பு இறங்கியது. பாவாடை பாதம் தொட்டது. ஆனால் கண்ணுகளா, பட்டில் ஊசி குத்திய இடம் மூடுவதில்லை. கிளிகள் இருந்த இடமெல்லாம் பொடிப் பொடியாகத் துளைகள்.

ரக்ஷனாவை அழைத்துக் கட்டிவிட்டார்கள். அவள் கீழே பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"நல்லா இருக்காம்மா?"

"நல்லா இருக்குடி."

சொல்லிக்கொண்டே பூவம்மா இடக்கை விரலால் துளைகளை நீவினாள். நீவ நீவ இழை நகர்ந்து மூடிக்கொள்ளும் என்பதுபோல நீவிக்கொண்டே இருந்தாள். ரபியா கத்தரியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.