இஸ்திரி போட்ட நோட்டு

நோட்டு மாலை கட்டக் கண் வேண்டாம், விரல் போதும் என்பாள் நூர் நிஷா. மடியில் விரித்த பழைய துப்பட்டாவின் மேல் புதுப் பத்து ரூபாய்க் கட்டு இருந்தது. மேலிருந்து ஒன்றை எடுத்து விசிறிபோல் மடித்தாள். நடுவில் பின் அடித்து இரண்டு பக்கமும் விரித்தாள். பூவாகிவிட்டது. அதை ஜரிகை ரிப்பனில் வைத்துக் கட்டிவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

தாராவி தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால், இரும்பு ஏணி ஏறிப் போகிற மேல் அறை அது. வெளிச்சத்துக்காக வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவள் கணவன் ஜமால் சுவரில் சாய்ந்து, கட்டுப் போட்ட வலது கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்திருந்தான். தோல் பை பட்டறையில் பிரஸ் மெஷின் நசுக்கிய கை. இரண்டு விரல்களில் எலும்பு விலகியிருந்தது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு வியாழக்கிழமை தேதி கொடுத்திருந்தார்கள். ஆபரேஷனுக்குக் காசு வாங்கமாட்டார்கள். உள்ளே வைக்கிற சின்னத் தகட்டையும் திருகாணிகளையும் மட்டும் வெளியே வாங்கி வரவேண்டும். அது ஐயாயிரம். அந்தத் தேதியை விட்டால் எலும்பு கோணலாகவே கூடிவிடும், அப்புறம் அந்தக் கையால் தோல் வெட்டுகிற கத்தி பிடிக்க முடியாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். பட்டறை முதலாளி முதல் நாள் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டு இரண்டாயிரம் கொடுத்தார். அதோடு போன் எடுப்பதில்லை.

மாலை கட்டுகிற பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கட்டில் பிஸ்மில்லாவுக்குரிய 786 என்று முடிகிற நோட்டு வந்தால், தன் பையிலிருந்து ஒரு பத்து ரூபாயை வைத்துவிட்டு அதை எடுத்துக்கொள்வார்கள். ஒருத்தி பர்ஸில் வைத்துக்கொள்வாள், ஒருத்தி பெருநாளைக்குப் பிள்ளைகளுக்குக் கொடுப்பாள். நோட்டும் வேலையும் கொடுக்கிற செல்லப்பாண்டிக்கும் இது தெரியும். மாட்டுங்கா மார்க்கெட்டில் கல்யாணச் சாமான் கடை வைத்திருப்பவர். பத்துக்குப் பத்து என்பதால் ஒருநாளும் கேட்டதில்லை. இந்தத் தடவை கட்டைக் கொடுக்கும்போது வரிசை மாறாமல் கட்டு என்று மட்டும் சொன்னார்.

நோட்டில் எண்கள் சிறிதாகத் தொடங்கிப் பெரிதாக முடியும். நூர் நிஷா பார்ப்பது கடைசி மூன்றை மட்டும்தான். இரண்டு மடிப்பு விழுந்த பிறகே அந்த மூன்றும் கண்ணில் பட்டன. வழக்கம்போல் எடுத்து ஓரமாக வைக்கப் போனவள், நோட்டை விரித்து முழு எண்ணையும் பார்த்தாள். 786786.

தன் பையிலிருந்த பத்து ரூபாயை அந்த இடத்தில் மடித்துப் பின் அடித்தாள். பிறகுதான் மகளைக் கூப்பிட்டாள்.

சாயிமா செம்பூரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். அன்று அவளுக்கு லீவு. போனில் கொஞ்ச நேரம் தேடினாள். இந்த மாதிரி நோட்டுக்கு லட்சம் தருகிறேன், கோடி தருகிறேன் என்று வருகிற வீடியோக்களை எல்லாம் தள்ளிவிட்டாள்.

"அதெல்லாம் ஃப்ராடும்மா. மொதல்ல நம்மகிட்ட ஃபீஸ் கட்டச் சொல்லுவான். ஆனா நெஜமாவே வாங்குத கடை ஃபோர்ட்டுல இருக்கு. புதுசா இருந்தா அஞ்சு ஆறாயிரம் போகும்போல."

உள்ளேயிருந்து ஜமால் கேட்டான். "விக்கப் போறியளோ? அது விக்கிய நம்பரா?"

"பின்ன என்ன செய்யச் சொல்லுதிய? பர்ஸுல வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா வெரலு நிமிந்துருமா?"

அவன் கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

புதுசாக இருந்தால் என்றாளே மகள், அது நூர் நிஷாவுக்குப் பெரிய விஷயமில்லை. கல்யாணம் முடிந்து பாதி மாலைகள் கடைக்கே திரும்பி வரும். பின் பிடுங்கி, மடிப்பு எடுத்து, அந்த நோட்டுகளை மறுபடி புதிதாக்கித் தருவது அவள்தான். அவள் கை பட்ட நோட்டில் எங்கே மடிந்திருந்தது என்று கடைக்காரராலேயே சொல்ல முடியாது. இதில் இருந்ததோ பின் ஏறாத இரண்டே மடிப்பு.

ஜவ்வரிசிக் கஞ்சியை நீராகக் கலக்கி, விரல் நுனியால் தெளித்தாள். மல் துணியை மேலே போட்டு, இஸ்திரிப் பெட்டியின் சூட்டைத் தன் புறங்கைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, முன்னும் பின்னும் இழுக்காமல் அழுத்தி அழுத்தி எடுத்தாள். திருப்பிப் போட்டு இன்னொரு தடவை. ஓரங்கள் கத்திபோல் நின்றன. ஆட்டினால் சலசலத்தது. மாலை கட்ட வந்த இத்தனை வருஷத்தில் எந்த நோட்டுக்கும் இவ்வளவு பார்த்துச் செய்ததில்லை.

"சூப்பர்ம்மா. பேங்குலேந்து இப்பதான் எடுத்த மாதிரி இருக்கு," என்றாள் சாயிமா.

மறுநாள் காலை மாலையை மாட்டுங்காவில் கொடுத்துவிட்டு இருவரும் ரயில் ஏறினார்கள். சாயிமா கடைக்குப் போன் செய்து வயிற்று வலி என்று சொல்லியிருந்தாள். நோட்டு அவளுடைய பழைய பள்ளிக்கூடப் புத்தகம் ஒன்றுக்குள் இருந்தது. கூட்டத்தில் புத்தகம் நசுங்காமல் இருக்க நூர் நிஷா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே நின்றாள். தகட்டை இன்றைக்கே வாங்கிவிட்டால் நாளை மறுநாள் காலையில் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். மீதி இருந்தால் ஒரு கிலோ ஆட்டுக்கால் எடுத்துச் சூப்பு வைக்கலாம், எலும்புக்கு நல்லது என்றாள்.

ஃபோர்ட்டில் மாடிப்படிக்கு அடியில் இருந்தது கடை. வயதான குஜராத்திக்காரர் இடுக்கியால் நோட்டை எடுத்து எண்ணைப் படித்ததும் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டார். அவர் கண்ணாடியை மாற்றியதை நூர் நிஷா கவனித்தாள். மகளின் முழங்கையைத் தொட்டாள். அவர் விளக்கைச் சாய்த்து, நோட்டைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தார். கட்டை விரலால் எண்ணின் மேல் தடவினார். பிறகு முகர்ந்து பார்த்தார். இதற்கு இஸ்திரி போட்டது யார் என்று ஹிந்தியில் கேட்டார்.

"நான்தான்," என்றாள் நூர் நிஷா, அவளும் ஹிந்தியில். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

அவர் நோட்டைக் கண்ணாடி மேஜைமேல் வைத்துவிட்டு இடுக்கியை மூடினார். கோபமாகப் பேசவில்லை. புது நோட்டில் மை கொஞ்சம் எழும்பி நிற்கும், விரலுக்குச் சொரசொரப்பாகத் தெரியும், சூடு பட்டு அது அமுங்கிவிட்டது என்றார். கஞ்சி வேறு பட்டிருக்கிறது. வாங்குகிறவர்கள் மடிப்பைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், மடிப்பை மறைத்திருந்தால் தொடமாட்டார்கள். இரண்டு மடிப்போடு அப்படியே கொண்டுவந்திருந்தால் அவரே நாலாயிரம் கொடுத்திருப்பாராம். இப்போது இது பத்து ரூபாய்.

நூர் நிஷா மடிப்பு இருந்த இடத்தை விரலால் காட்டினாள். "அந்த இடத்துலேயே திருப்பி மடிச்சுக் குடுத்தா?" என்று கேட்டாள்.

"யம்மா, வா," என்றாள் சாயிமா தமிழில். நோட்டை எடுத்துப் புத்தகத்துக்குள் வைத்தாள்.

திரும்பி வருகிற வழியில் செல்லப்பாண்டி போன் செய்தார். மாட்டுங்காவிலேயே இறங்கி வரச் சொன்னார்.

கடையில் மார்பு வரைக்குமான பிளாஸ்டர் பொம்மையின் கழுத்தில் மாலை தொங்கியது. நெஞ்சுக்கு நேராக இருந்த பூ மட்டும் பிரிக்கப்பட்டு, அவள் வைத்த பத்து ரூபாய் கல்லாவின் மேல் கிடந்தது. பெண் வீட்டார் அனுப்பிய ஆள் வந்து எண்களைச் சரிபார்த்துவிட்டுச் சத்தம் போட்டுப் போயிருந்தான்.

"எங்க அது?" என்றார் செல்லப்பாண்டி.

சாயிமா புத்தகத்தைத் திறந்து கொடுத்தாள்.

"பத்துக்குப் பத்துதான வச்சேன் அண்ணாச்சி. எப்பவும் வைக்கியதுதான."

"எப்பவும் வேற, இது வேற. பேங்குல ஆளப் புடிச்சு, பார்ட்டி மேக்கொண்டு மூவாயிரம் போட்டு வாங்குன கட்டு இது. மாப்ள நெஞ்சுக்கு நேரா அந்த நம்பரு வரணும்னு கேட்டிருக்கான். வரிசைன்னு சொன்னனா இல்லியா?"

"வரிசைன்னுதான் சொன்னிய. நம்பருன்னு சொல்லலியே."

"சொல்லியிருந்தா நீ எடுத்திருக்க மாட்ட?"



அவர் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பளபளவென்று இருந்தது. நல்லவேளை, கெடுக்காமல் வைத்திருக்கிறாய் என்றார். இந்த மாலைக்குக் கூலி கிடையாது. போன மாதம் கட்டியதற்குத் தரவேண்டியதும், பார்ட்டி தன் பணத்தில் பிடித்துக்கொள்ளப் போவதற்குச் சரியாகப் போயிற்று. இனிமேல் கட்டை அவள் சந்திலேயே மாலை கட்டுகிற சபாவிடம் கொடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் ரிப்பன் சுருளை எடுத்து ஓரமாக வைத்தார்.

"வாப்பாவுக்கு வியாழக்கெழம ஆபரேஷன், மாமா," என்றாள் சாயிமா. "அந்தப் பழைய கூலிய மட்டும் குடுத்தியன்னா..."

"எந்த நேரத்துல எதக் கேக்கணும்னு ஒரு இது இல்ல? நான் ஒன்னும் போலீஸுக்குப் போகலியே." பிறகு நூர் நிஷாவிடம் சொன்னார். "அந்த நடுப்பூவ மட்டும் போட்டுட்டுப் போ. அது மத்தவளுகளுக்கு வராது. பார்ட்டி இப்ப வருவான்."

அவள் உட்கார்ந்தாள். நோட்டு விறைப்பாக இருந்தது, மடிப்புக்கு எளிதில் வளையவில்லை. நகத்தால் அழுத்தி அழுத்தி மடித்தாள். எண் வெளியே தெரிகிற மாதிரி நடுவில் பின் அடித்தாள். பொம்மையின் நெஞ்சில் வைத்துக் கட்டி, இரண்டு பக்கமும் விரித்து, சுற்றியிருந்த பூக்களை ஒவ்வொன்றாக நேர் செய்தாள். செல்லப்பாண்டி போனை உயர்த்தி, பெண் வீட்டாருக்கு அனுப்புவதற்காக மாலையை மேலிருந்து கீழாக வீடியோ எடுத்துக்கொண்டு வந்தார். நடுப்பூவுக்கு வந்ததும் நிறுத்தினார்.

"கைய எடு நூரு. வீடியோல விழுது."

நூர் நிஷா கையை எடுத்துப் புர்காவுக்குள் இழுத்துக்கொண்டாள். அவர் அதை அழித்துவிட்டு முதலிலிருந்து எடுத்தார்.