ஆறு மிஷின்

மரியசெல்விக்கு வயிறு பற்றி எரிந்தது. எரியாதா பின்னே? வேடசந்தூர் தாண்டி இருக்கும் அந்த நூல் மில்லில் பன்னிரண்டு வருஷம் மாடாய் உழைத்தவள். டீ குடிக்கும் நேரத்தில் இழை அறுந்துவிடுமே என்று டம்ளரோடு மிஷினுக்கு ஓடி வந்தவள். "அடுத்த மேஸ்திரி நீதாம்மா" என்று சூப்பர்வைசர் அழகுராஜா சொன்ன ஒற்றை வார்த்தைக்காகத்தான் அம்புட்டும். அந்த மேஸ்திரி வேலையை, இரண்டு மாசத்துக்கு முன்னால் வந்த முகேஷ்குமாருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். மேனேஜரின் மச்சான் மகனாம்.

மறுநாள் ஒரு முடிவோடு போனாள். வேலைக்குச் சேரும்போது ஆளுக்கு நாலு மிஷின் என்றுதானே சொன்னார்கள்? இப்போது பார்ப்பது ஆறு. இனி நாலுதான். ஐந்தாவதிலும் ஆறாவதிலும் இழை அறுந்து தொங்கியது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டீ நேரத்தில் ஆற அமர உட்கார்ந்து குடித்தாள். அந்த டீயில் இஞ்சி போடுவார்கள் என்பதே அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

மதியத்துக்குள் அழகுராஜா வந்துவிட்டார்.

"என்னம்மா, ரெண்டு மிஷின் கேப்பாரில்லாம ஓடுது?"

"எனக்கு நாலுதான் சார். அதுக்கு மேல பாக்க நான் என்ன மேஸ்திரியா?"

அவர் கோபப்படவில்லை. ஆபீசுக்குக் கூட்டிப்போய் ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். முழுக்க இங்கிலீஷ். அடியில் அவளுடைய கையெழுத்து.

"ஒரு மாசம் ஆறு மிஷின் பாத்தேன், ஒரு சிரமமும் இல்லைன்னு நீதான எழுதிக் குடுத்த? இத வச்சுத்தான் எல்லாருக்கும் ஆறாக்குனோம். இப்பக் கொறஞ்சபட்சமே ஆறுதாம்மா."

அந்தத் தாளை அவளுக்கு ஞாபகம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், மேஸ்திரி வேலைக்குச் சிபாரிசு என்று சொல்லி இதே மனுஷன்தான் கையெழுத்து வாங்கினார். அன்று சாயங்காலம் மாதா கோயிலில் மெழுகுவத்தி வேறு ஏற்றினாள், பைத்தியக்காரி. அடுத்த மாசமே எல்லாருக்கும் ஆறு மிஷின் ஆனபோது, "புது மிஷின், வேலை லேசு" என்றார். அதையும் நம்பினாள்.

பாவி, என் கையாலேயே செய்ய வைத்துவிட்டானே என்று மனசு கொதித்தது.

சாயங்காலம் மில் பஸ்ஸில் ஒச்சம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரு காலத்தில் இவளுக்காகப் பையைப் போட்டு இடம் பிடித்து வைப்பாள் ஒச்சம்மாள். அது நின்று மூன்று வருஷம் ஆயிற்று. நடந்ததை எல்லாம் மரியசெல்வி கொட்டித் தீர்த்தாள்.

"தெரியும் செல்வி. அந்தக் காயிதத்த அன்னைக்கே எங்ககிட்டக் காட்டிட்டாரு. ஒங்காளு முடியும்னு எழுதிருக்கா, ஒங்களுக்கு என்ன கேடுன்னு கேட்டாரு."

"அதுல என்ன இருந்துச்சுன்னே எனக்குத் தெரியாதுக்கா! என்னைய ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்ல?"

"மேஸ்திரியாகப் போறவகிட்ட என்னத்தக் கேக்க?"

ஒச்சம்மாள் குனிந்து, வீங்கிய கணுக்காலை அழுத்திவிட்டுக்கொண்டாள்.

"நாளைக்கு அந்த ரெண்டையும் பாத்துரு. நீ விட்டா எங்க தலையிலதான் கட்டுவாரு."

மரியசெல்வி தலையாட்டினாள்.