சுறா எண்ணெய்ச் சட்டி

சட்டையைக் கத்தரித்துத்தான் கழற்ற வேண்டியிருந்தது. காரின் முன்சக்கரத்து மட்காட்டில் சாய்ந்தபடியே உயிர் போயிருந்ததால் சில்வெஸ்ரரின் வலது கை முழங்கையோடு மடங்கி இறுகிக் கிடந்தது. அறைக்குள் அவருடைய தம்பி யாகப்பு கையைப் பிடித்துக்கொள்ள, கோயிலில் சுவாமியாருக்கு உதவுகிற சங்கிலித்தாம் பத்திநாதர் கத்தரிக்கோலைப் போட்டார். வெட்டிய சட்டையைக் கதவிடுக்கால் வெளியே நீட்டினார்கள். இளைய மகள் ஜசிந்தா வாங்கினாள்.

பையில் ஏதோ கட்டியாகத் தட்டுப்பட்டது. வலையின் மிதப்புக் கட்டையிலிருந்து சீவிய ஒரு சின்ன அடைப்பான். நுனி ஒடுங்கி, நடுவில் நூல் சுற்றியிருந்தது. எதற்கென்று தெரியாமல் அதை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள்.

அதே உள்ளங்கைதான். விடிய அவள் தேத்தண்ணி கொண்டு போனபோது அப்பா காரின் முன்மூடிப் பொனற்றுக்குள் தலையை விட்டபடி நின்றார். எப்போதும் நிற்கிற மாதிரித்தான். "அப்பா, ஆறப்போகுது" என்றாள். இரண்டாம் முறையும் சொன்னாள். பிறகு தேத்தண்ணியை மட்காட்டில் வைத்துவிட்டு, அவர் மூக்குக்கு நேரே கையைப் பிடித்துப் பார்த்தாள். கையில் ஒன்றும் படவில்லை.

அழுகை கரம்பொன் முழுவதும் கேட்டது. ஆனால் அழுவதற்கு உரிமையுள்ள முதல் ஆள் அங்கே இல்லை. அம்மா சின்னத்தங்கம், மூத்த மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று நெடுந்தீவில் நின்றாள். விடிந்ததுமே ஒருவன் சைக்கிளில் குறிகட்டுவான் துறைக்குப் போய் நெடுந்தீவுக்குப் போகிற காலை லோஞ் படகில் சொல்லிவிட்டான். செத்த சேதியைச் சொல்லவில்லை. 'அவருக்கு வருத்தம் கடுமை, உடனே வரட்டாம்' என்று நோய்ச் சேதியாக மட்டும் சொல்லியிருந்தது. மத்தியான லோஞ்சில் அம்மா வந்து இறங்கிவிடுவாள். இறங்கிய பிறகு என்ன செய்வாள்? பஸ் ஓடி மாதக்கணக்காகிறது. இடுப்பு வருத்தக்காரியைப் புங்குடுதீவு தாண்டி, வேலணை தாண்டி, சைக்கிள் கரியரில் ஏற்றிவர ஏலாது.

பின்னேரம் நாலரைக்கு அடக்கம் என்று சுவாமியார் சொல்லிவிட்டார். இரவு வைத்திருக்க முடியாது. ஐஸ் இல்லை. பொழுது பட்டால் இராணுவ ஹெலியும் சுற்றும். முகம் பாராமல் பெட்டியை மூடுவதா? அதுதான் கேள்வி.

முற்றத்தில் கார் நின்றது. பொனற் திறந்தே கிடந்தது.

கொழும்பிலிருந்து பெற்றோல் வராமல் நின்றுபோன வருடம் அது. கார்களெல்லாம் மண்ணெண்ணெய்க்கு மாறியிருந்தன. மண்ணெண்ணெயில் எஞ்சின் எழும்பாது. முதலில் காற்று இழுக்கிற வாய்க்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டுத்தான் எழுப்ப வேண்டும். அதற்கு இடைஞ்சல் என்று எல்லோரும் காற்று வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். சில்வெஸ்ரரும் எறிந்தார். சோழகக் காற்று தொடங்கியதும் மண்கும்பானுக்கு வாடகைக்கு ஒரு ஹயர் போனார். பறந்த மணலையெல்லாம் எஞ்சின் விழுங்கியது. வீடு வந்து சேரமுன் அரம் போட்டதுபோல உள்ளே தேய்ந்து நின்றுவிட்டது. இரண்டு மாதம் குந்தியிருந்து திரும்பப் பூட்டினார். இனி வடிகட்டி இல்லாமல் இந்தக் கார் படலை தாண்டாது என்று சொல்லிவிட்டார்.

புது வடிகட்டி எங்கே கிடைக்கும்? நாரந்தனைச் சிவபாதத்தின் வயலில் ஓடாமல் கிடந்த டிராக்டரிலிருந்து ஒரு இரும்புச் சட்டியைக் கழற்றி வந்தார். அடியில் எண்ணெய் நிற்கும். உள்ளே வருகிற காற்று அந்த எண்ணெயில் மோதி, மண்ணைக் கீழே விட்டுவிட்டு மேலே போகும். எஞ்சின் ஒயில் யானை விலை. யாகப்பு வள்ளத்துக்குப் பூசக் காய்ச்சி வைத்திருந்த சுறா எண்ணெயில் ஒரு போத்தலை அப்பா எடுத்து வந்தார்.

"என்ன அண்ணை, காருக்கு மீன்குழம்பு வைக்கிறீரோ?" என்று யாகப்பு போன கிழமைதான் கேட்டிருந்தார்.

"மணந்தா நீ மூக்கைப் பொத்து. எஞ்சின் பொத்த ஏலாது" என்றார் அப்பா.

அந்த யாகப்புதான் இப்போது தமையனைக் குளிப்பாட்டி முடித்து ஈரக் கையோடு முற்றத்துக்கு வந்தார். டிராக்டர் ஓட்டத் தெரிந்த சிவபாதம் செத்தவீட்டுக்கு வந்து வேலியோரம் நின்றிருந்தார். இருவரும் பொனற்றுக்குள் எட்டிப் பார்த்தார்கள். சட்டி பூட்டியாகிவிட்டது. சட்டிக்கும் எஞ்சினுக்குக் காற்று இழுக்கிற காபரேற்றருக்கும் நடுவில் ஒரு பால்மாத் தகர ரின்னும், லொறி ரியூப்பில் வெட்டிய குழாயும் பாதி கொளுவித் தொங்கின. அப்பா அந்த இடத்தில்தான் நின்றுபோயிருந்தார்.

சட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு வெறுமனே ஓட்டுவோம் என்றார் யாகப்பு. சிவபாதம் தலையை ஆட்டவில்லை. பனைகள் வடகிழக்காக வளைந்து நிற்பதைப் பார்த்தார்.

"காத்தைப் பாரும். புங்குடுதீவுப் பாலத்தில மண்ணும் உப்பும் சேர்ந்து அடிக்கும். போறதுக்குப் போகும். திரும்பாது."

"பூட்டுவம்" என்றாள் ஜசிந்தா.

செத்தவீட்டுப் பிள்ளை எஞ்சினுக்குள் கை விடுகிறதாவது என்று உள்ளே யாரோ முணுமுணுத்தது கேட்டது. அவளுடைய விரல்கள்தான் மெலிந்தவை. ரியூப்பின் பின்பக்கக் கிளிப்புக்கு அந்த விரல்கள் மட்டுமே போயின. முறுக்க முறுக்க நகம் கிழிந்தது. சிவபாதம் சட்டியில் எண்ணெயை அளவுக்கோடு வரை வார்த்தார். போத்தலை வாங்கி இன்னும் கொஞ்சம் விடப்போன யாகப்புவைத் தடுத்தார். கூடினால் எஞ்சின் எண்ணெயையும் சேர்த்துக் குடித்துவிடும்.

யாகப்பு ரின்னைத் தடவிப் பார்த்தார். மேல்பக்கம் வட்டமாக ஒரு ஓட்டை.

"அண்ணை அவசரத்தில தகரத்தைக் குத்திப்போட்டார்" என்று சவர்க்காரக் கட்டியை எடுத்துவரச் சொன்னார். சவர்க்காரத்தைப் பிசைந்து அடைப்பதுதான் வழக்கம்.

ஜசிந்தா கையை விரித்தாள். அடைப்பான் உள்ளங்கையில் வியர்த்துக் கிடந்தது. எடுத்து ஓட்டையில் வைத்து ஒரு திருகு திருகினாள். நூல் சுற்றிய இடத்தில் வந்து இறுகி நின்றது.

சிவபாதம் குனிந்து அடைப்பானை விரலால் தட்டிப் பார்த்தார்.

"பெற்றோல் விடுறதுக்கு" என்றார் சிவபாதம் மெதுவாக. "வடிகட்டியும் இருக்கும், வழியும் இருக்கும். எல்லாரும் கழட்டி எறிஞ்சம். இந்த மனிசன் ஒரு ஓட்டையைப் போட்டு ஒரு கட்டையைச் சீவியிருக்குது."

யாகப்பு திரும்பி நின்று சாரத்தின் விளிம்பால் முகத்தைத் துடைத்தார்.

அடைப்பானைக் கழற்றி, ஊசிக் குழலால் பெற்றோலைச் செலுத்தி, திரும்ப அடைத்தார்கள். யாகப்பு முன்னால் போய் எஞ்சினைச் சுற்றுகிற ஹாண்டிலைப் பிடித்தார். இனி ஒரு வேலை பாக்கி. எஞ்சின் சுற்றும்போது காற்று வாயைக் கையால் மூடவேண்டும். அப்போதுதான் பெற்றோலை இழுக்கும். கார் ஓடிய நாளெல்லாம் விடிய அப்பா கூப்பிடுவார்: "பிள்ளை, கையை வை." அது ஜசிந்தாவின் வேலை. வாய் மட்டும் இன்றைக்குச் சட்டியின் மேல் இருந்தது.

அவள் கையை உயர்த்தினாள். அந்தரத்தில் வைத்திருந்தாள்.

"பிள்ளை" என்றார் சிவபாதம்.

வைத்தாள். யாகப்பு சுற்றினார். ஒன்றுமில்லை. கையில் இரும்பின் குளிர் மட்டும். மறுபடி சுற்றினார். ஒரு செருமல். மூன்றாம் சுற்றில் கார் முழுதும் உதறியது. உள்ளேயிருந்து எதுவோ அவள் கையைப் பிடித்து இழுத்தது. விரலையோ தோலையோ அல்ல, கையையே இழுத்தது. அந்த இழுவை மணிக்கட்டைத் தாண்டித் தோள்வரை ஏறியது. எடுக்க முடியவில்லை. எடுக்க மனமும் வரவில்லை.

"எடும் பிள்ளை, எடும்! மூச்சடைச்சு நிக்கப்போகுது!"

பிய்த்து எடுத்தாள். எஞ்சின் ஒருமுறை தாழ்ந்து, பிறகு நிமிர்ந்து, சீராக ஓடத் தொடங்கியது. உள்ளே செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் நடு மணியில் நிறுத்திவிட்டார்கள். அந்த முற்றத்தில் கடைசி இரண்டு மாதமும் கேட்காத சத்தம்.

வழியில் நின்றால் கையை வைக்க ஆள் வேண்டும் என்று ஜசிந்தாவையும் ஏற்றிக்கொண்டார் சிவபாதம்.

வேலணை வரைக்கும் வெள்ளைப் புகை பின்னால் வந்தது. சுறா நாற்றமும் வந்தது. சந்தியில் இரண்டு பூனைகள் காரோடு ஓடிப் பார்த்துக் களைத்தன. பாலத்தில் ஏறியதும் சோழகம் பக்கவாட்டில் அறைந்தது. கடல் தெரியவில்லை. மணல் கண்ணாடியில் அரிசி கொட்டுவதுபோல விழுந்தது. முன்னால் பாதை இருக்கிறதா என்பதே தெரியாத அந்த மங்கலுக்குள் எஞ்சின் ஒரு இடத்திலும் தடக்கவில்லை. சிவபாதம் கியரைக் குறைத்து, காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, கோயில் வாசலைக் கடக்கிறவர்போல ஒரு கையால் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார்.

குறிகட்டுவான் துறையில் லோஞ் கட்டியிருந்தது. திரும்ப எழுப்பப் பெற்றோல் போதாதென்று சிவபாதம் எஞ்சினை நிறுத்தவில்லை.

சின்னத்தங்கம் பன்புல் பையோடு கெந்திக் கெந்தி வந்தாள். அம்மா சிரித்துக்கொண்டு வந்தாள்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் வரும்போதே. "வருத்தம் கடுமையாம். பேறு பாக்க வந்தவளை வெருட்டிக் கூப்பிடுறது. சட்டியைப் பூட்டிப்போட்டு எனக்குக் காட்ட வந்திருக்கிறார் உன்ரை கொப்பர். மணம் லோஞ்சுக்கே அடிக்குது."

அவள் வந்தது ஜசிந்தாவிடம் அல்ல. சாரதிப் பக்கம் போய்க் குனிந்தாள். அங்கே சிவபாதம் இருந்தார். அவர் இறங்கி, தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"அவர் எங்கை?"

சிவபாதம் கடலைப் பார்த்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சின்னத்தங்கம் மகளைப் பார்த்தாள். பிறகு அவள் கையைப் பார்த்தாள். எட்டிப் பிடித்து விரித்தாள். கிறீஸ், கிழிந்த நகம், மீனெண்ணெய்.

"நீயோ பூட்டினனீ?"

"ஓம் அம்மா."

"அவர் ஒருத்தரையும் தொட விடாரே" என்றாள் சின்னத்தங்கம். கேள்வியாகத்தான் தொடங்கினாள். முடிக்கும்போது அது கேள்வியாக இருக்கவில்லை.

காற்று அவள் சேலையைப் பிடித்து அடித்தது. மகளின் கையை அவள் விடவில்லை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, தன் வாழ்நாளில் பின் இருக்கையில் மட்டுமே இருந்தவள், முன் கதவைத் திறந்து ஏறினாள்.

"நிப்பாட்டிப் போடாதையும் தம்பி. போவம்."

வழி முழுக்க அவள் அழவில்லை. பாலத்தில் மட்டும், மணல் வந்து கண்ணாடியில் அடித்தபோது, பொனற்றை உற்றுப் பார்த்தபடி இருந்தாள்.

சுவாமியார் வந்து காத்திருந்தார். பெட்டி திறந்திருந்தது. சின்னத்தங்கம் முகம் பார்த்தாள். கிட்ட இருந்தாள். மூடும்போது யாரும் அவளைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கவில்லை. சேமக்காலையில் எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். வெளிச்சம் இருக்கவே வீடு திரும்பினார்கள்.

மரக்கறிச் சோறு வந்திருந்தது. யாரும் உடனே தொடவில்லை. சிவபாதம் முற்றத்தில் பொனற்றைத் திறந்து சட்டியின் கிளிப்பைத் தட்டிக் கழற்றினார். அடிப்பாகத்தைச் சிந்தாமல் இரண்டு கையாலும் ஏந்தி வந்து, கிணற்றுக்கட்டில் வைத்தார். யாகப்பு வந்தார். ஜசிந்தா வந்தாள். கெந்தியபடி சின்னத்தங்கமும் வந்தாள்.

சிவபாதம் விரலை விட்டார். நடுவிரலின் பாதிவரை மண்.

"இவ்வளவுமோ?" என்றார் யாகப்பு.

"இவ்வளவும். ஒரு மணல் மணியும் எஞ்சினுக்குள்ள போகேல்லை."

சின்னத்தங்கம் குனிந்து பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் சட்டியை மெல்லச் சரித்தாள். எண்ணெய் விளிம்பைத் தாண்டி, பொழுதின் வெளிச்சத்தில் நூலாக இறங்கத் தொடங்கியது. ஜசிந்தா கீழே போத்தலைப் பிடித்தாள். சட்டியின் அடியில் வெள்ளை மணல் அசையாமல் கிடந்தது.